கடப்பா கல் வந்த வழி

சென்னை கொரட்டூரில் கொஞ்சம் பழைய வீடு எதற்குள் நுழைந்தாலும் ஒரு கடப்பா கல்லாவது கண்ணில் படும். சமையல் மேடை கிரானைட்டுக்கு மாறியிருக்கலாம். ஆனால் பரணிலும் அலமாரித் தட்டிலும் மாடிப்படிக்குக் கீழே செருப்பு வைக்கும் இடத்திலும் அந்தச் சாம்பல் பூத்த கறுப்புக் கல்தான் கிடக்கும். புளியோ எலுமிச்சையோ சிந்தினால் வெளுத்துப்போகும், உடனே துடை என்று அம்மாக்கள் அதட்டுவது இந்தக் கல்லுக்காகத்தான். அதே வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரிலும் ஒரு பங்கு அந்தக் கடப்பாத் திசையிலிருந்து கால்வாய் வழியாக வருவது. இன்னும் பின்னால் போனால், பூண்டிப் பக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் கையில் பிடித்த கோடரிக் கல்லின் பூர்வீகமும் ஆந்திரத்து மலைகள்தான்.

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால், சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்து கார்கள் கண்டிகோட்டாவுக்குக் கிளம்புகின்றன. பென்னாறு சிவப்புப் பாறையை அறுத்துக்கொண்டு போகும் இடம் அது. ‘இந்தியாவின் கிராண்ட் கேனியன்’ என்று பெயர் வாங்கிவிட்டது. கொரட்டூரிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். “இடம் வந்ததும் எழுப்புங்க” என்று பின் சீட்டில் சாய்ந்துகொள்கிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கட்சி. அங்கே பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று பார்ப்பது ஒரு கதையின் கடைசி அத்தியாயம். முந்தைய அத்தியாயங்கள் சாலையோரம் வரிசையாகக் கிடக்கின்றன.

முதல் நாற்பது கிலோமீட்டரில் மட்டும் பார்க்க ஒன்றுமில்லை. அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகர்கிற சி.டி.எச். சாலையில் பாறை எங்கும் தலை காட்டாது. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, புழல் என்று ஏரிகள் இங்கே நெருக்கமாக அமைந்ததற்கும் அதுவே காரணம். கீழே இருப்பதெல்லாம் ஆறுகள் கொண்டுவந்து பரப்பிய மணலும் களிமண்ணும். தட்டை நிலத்தில் ஒரு கரை போட்டால் போதும், தண்ணீர் நின்றுவிடும்.

திருவள்ளூர் தாண்டிப் பூண்டிப் பக்கம் திரும்பினால் கதை தொடங்குகிறது. 1863 செப்டம்பரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றோரம் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டிருந்தார். ஃபுட்டின் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. கிங்கை யாரும் நினைப்பதில்லை. இந்தப் பயணத்துக்கோ கிங்தான் வழிகாட்டி. அவர் வடக்கே போய், கடப்பா, கர்நூல் பகுதிகளின் பாறைகளை வரைபடமாக்கி, 1872-இல் அவற்றைப் பற்றிய விரிவான முதல் அறிக்கையை வெளியிட்டார். பாபாக்னி, நல்லமலை என்று அவர் பாறைத் தொகுதிகளுக்கு வைத்த பெயர்களை இன்றும் புவியியலாளர்கள் மாற்றவில்லை. அத்திரம்பாக்கத்திலிருந்து கடப்பாவுக்கு, நம் கார் போகிற அதே திசையில் போன மனிதர்.

அத்திரம்பாக்கத்துக் கருவிகள் எவ்வளவு பழையவை என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு செய்து, கல்லுக்குள் விண்கதிர்கள் உண்டாக்கும் ஐசோடோப்புகளை அளந்து, சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவித்தார்கள். கருவி செய்ய அந்த மனிதர்கள் தேர்ந்தெடுத்தது குவார்ட்சைட். அது ஒரு காலத்தில் சாதாரண மணல். மணலுக்கு இடையே சிலிக்கா புகுந்து இறுகி, மணியும் பசையும் ஒரே பொருளாகிவிட்ட பாறை. சாதாரண மணற்கல்லை உடைத்தால் மணிகளைச் சுற்றிக்கொண்டு உதிரும். குவார்ட்சைட்டை உடைத்தால் விரிசல் மணிகளையே பிளந்துகொண்டு நேராக ஓடும். அதனால்தான் அதில் கத்தி முனை கிடைக்கிறது. அது இரும்புக் கத்தியாலும் கீறமுடியாத கல். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் கண்டிகோட்டாவில் உதவும்.

பூண்டிச் சமவெளியில் குவார்ட்சைட் மலை எதுவும் இல்லையே, கல் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் அல்லிக்குழி மலைகள் இருக்கின்றன. அங்கே குடியம் குகைக்கு நடந்து போனவர்களுக்குத் தெரியும்: செம்மண் நிறப் பாறைச் சுவர் முழுக்க உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். பெரும்பாலும் குவார்ட்சைட். டைனோசர்கள் உலவிய காலத்தில், இந்தியாவின் கிழக்குக் கரை உருவாகிக்கொண்டிருந்தபோது, வடமேற்கே இருந்த நகரி மலைகளின் பாறையை ஆறுகள் உடைத்து உருட்டி வந்து இங்கே குவித்தன. குவியல் இறுகி மறுபடி பாறையானது. அது சிதைந்து கற்கள் கொசஸ்தலைப் படுகையில் விழுந்தன. ஆதிமனிதன் அங்கே குனிந்து எடுத்தான். மூன்று நாள் விடுமுறை கிடைக்காதவர்கள் குடியத்தோடு திரும்பினாலும் பெரிய நட்டமில்லை.

ஊத்துக்கோட்டையை ஒட்டி ஆந்திர எல்லையில் ‘ஜீரோ பாயின்ட்’ என்ற இடம் இருக்கிறது. கண்டலேறு–பூண்டி கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைவது அங்கேதான். கோடையில் செய்தித்தாள் படிக்கிற சென்னைவாசிகளுக்கு அந்தப் பெயர் மனப்பாடம். தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு 1983-இல் ஒப்பந்தமானது. ஆண்டுக்கு 15 டி.எம்.சி.யை மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் விட்டுத்தர வேண்டும். வழியில் வீணாவது போகத் தமிழ்நாட்டு எல்லையில் 12 டி.எம்.சி. சேர வேண்டும். அதைக் ‘கிருஷ்ணா தண்ணீர்’ என்கிறோம். ஸ்ரீசைலத்தில் புறப்படும் அந்தத் தண்ணீர், பென்னாற்றின் குறுக்கே கட்டிய சோமசிலா அணைக்கு வந்து, பிறகு கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வருகிறது. அதாவது கண்டிகோட்டாவை அறுத்த ஆறும் சோமசிலாவில் அதில் கலந்துவிடுகிறது. கொரட்டூர்க்காரர் கண்டிகோட்டாவுக்குப் போவது ஒருவகையில் தன் குழாய்த் தண்ணீரை எதிர்த்துப் போவதுதான்.

நாகலாபுரம் தாண்டியதும் இடப்புறமும் வலப்புறமும் மலைகள் எழுகின்றன. அவற்றின் உருவத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கீழ்ப்பாதி சரிவாக, புதர் மண்டி, உருண்டைப் பாறைகளோடு இருக்கும். உச்சியில் மட்டும் செங்குத்தான, வரிவரியான, செம்பழுப்புச் சுவர். “மலை மேல யாருப்பா காம்பவுண்டு சுவர் கட்டினது?” என்று என் மகள் பின் சீட்டிலிருந்து கேட்டாள். கேள்வி சரியான கேள்வி. கீழே இருப்பதும் மேலே இருப்பதும் வேறு வேறு பாறைகள். வேறு வேறு காலம்.

அந்த இரண்டும் சந்திக்கும் கோட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் திருப்பதி போக வேண்டும். திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் அது வெளிப்படையாகத் தெரிகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே 210 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கிரானைட் வகைப் பாறை, ஆழத்தில் உருகி ஆறிய கல். கோட்டுக்கு மேலே நகரி குவார்ட்சைட், சுமார் 160 கோடி ஆண்டு, கடலோர மணல் படிந்து இறுகியது. இடையில் 50 கோடி ஆண்டுகளுக்குக் கணக்கே இல்லை. அத்தனை காலமும் இங்கே எதுவும் படியவில்லை; மாறாக, மேலே இருந்த மலைகள் தேய்ந்து, ஆழத்துக் கிரானைட் வெளியே வந்து, தட்டையாகி, அதன்மேல் கடல் ஏறியது. விலங்குகள் தோன்றியதிலிருந்து இன்றுவரையான மொத்த வரலாறும் ஏறக்குறைய அந்தக் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவின் கிராண்ட் கேனியனிலும் இதேபோல் ஒரு பெரும் இடைவெளி உண்டு. அதைக் காண மக்கள் கடல் கடந்து போகிறார்கள். திருமலையிலோ, நாள்தோறும் பல்லாயிரம் பேர் பஸ்ஸில் கோவிந்தா சொல்லிக்கொண்டே அதைத் தாண்டுகிறார்கள். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாக வேங்கடத்தைச் சொன்னது. பாறைகளுக்கும் அங்கேதான் எல்லை: தெற்கே பழைய கிரானைட் தரை, வடக்கே அதன்மேல் அடுக்கப்பட்ட கடப்பா வடிநிலம்.

வடிநிலம் என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சுமார் 190 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியின் தரை அமிழ்ந்து பிறை வடிவில் ஒரு பள்ளம் உண்டானது. கடல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் மணல், சேறு, சுண்ணாம்பு என்று அடுக்கு அடுக்காகச் சேர்ந்தது. இடையிடையே எரிமலைக் குழம்பும் புகுந்தது. இன்று 44,500 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆந்திரத்தின் நடுவே, வளைந்த பக்கம் மேற்கே பார்த்துக் கிடக்கிறது. நெற்றிப்பிறை மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம். அதன் தென்முனை திருப்பதிப் பக்கம்.

ரேணிகுண்டாவிலிருந்து கடப்பா வரை சாலை அந்தப் பிறைக்குள் ஓடுகிறது. இடப்புறம் சேஷாசலம், வலப்புறம் வெலிகொண்டா. செய்தியில் கைது எண்ணிக்கையோடு மட்டும் வரும் செம்மரம் இயற்கையாக வளர்வது இந்த மலைகளிலும் இவற்றை ஒட்டிய மலைகளிலும்தான். மண் குறைவான, கல் மிகுந்த, வறண்ட சரிவுதான் அதற்குப் பிடித்தம். ஊர் பெயர் கோடூர் என்று வரும் இடத்தில் மங்கம்பேட்டைச் சுரங்கம். உலகின் மிகப் பெரிய பாரைட்டு இருப்பு அங்கே இருக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது சேற்றுக்குக் கனம் கூட்ட உலகமெங்கும் போகிற தூள். அதை விட்டு மேலே போகலாம், வெயில் ஏறுகிறது.

வெயிலைப் பற்றித்தான் ஒரு பொதுவான தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. கேனியன் என்றால் பாலைவனம், பாலைவனம் என்றால் கேனியன் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. கடப்பா இருக்கும் ராயலசீமை பாலைவனம் அல்ல. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. கடப்பாவில் ஏறக்குறைய அதில் பாதி. அனந்தபூரில் 550-ஐ ஒட்டி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இங்கே வருகிறது. வடகிழக்குக் காற்றை வெலிகொண்டாவும் நல்லமலையும் மறிக்கின்றன. இரண்டு பருவத்துக்கும் மறைவுப் பிரதேசம். முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் திரிந்தால் அந்த நிலமே பாலை என்று சிலப்பதிகாரம் வகுத்ததே, அந்தக் கணக்கில்தான் இது பாலை.

பள்ளத்தாக்கைத் தோண்டுவது தண்ணீர். வறட்சி செய்வது வேறு வேலை: தோண்டிய விளிம்பை அழியாமல் காப்பது. மழை அதிகமுள்ள நிலத்தில் பாறை வேகமாக மக்கி மண்ணாகிறது, மண் சரிகிறது, ஆற்றின் இரு கரையும் சாய்ந்து, மரம் மூடி, கேரளத்தில் நாம் பார்க்கும் பசுமையான பள்ளத்தாக்காகிவிடுகிறது. வறண்ட நிலத்தில் ஆறு மட்டும் ஆழமாகப் போகும். கரை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். கிராண்ட் கேனியனை அறுக்கிற கொலராடோ ஆற்றுக்கும் தண்ணீர் அந்தப் பாலைவனத்தில் பெய்ததல்ல, தொலைவிலுள்ள ராக்கி மலைகளில் பனி உருகி வருவது. ஊர் காய்ந்திருக்க வேண்டும், ஆற்றுக்கு மட்டும் அவ்வப்போது வெளியிலிருந்து பலம் வர வேண்டும். பென்னாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து 597 கிலோமீட்டர் ஓடி நெல்லூருக்குக் கிழக்கே கடலில் விழுகிறது. ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். ஆனால் வெள்ளம் வந்தால் வேறு ஆறு.

கடப்பாவைத் தாண்டி எர்ரகுண்ட்லா பக்கம் வந்ததும் மலைகள் ஒதுங்கிக்கொள்ள, நிலம் தட்டையாகிறது. சிமென்ட் ஆலைகள். சாலையோரம் கறுப்புப் பலகைகள் நிமிர்த்தி அடுக்கிக் கிடக்கின்றன. வயலுக்கு வேலியும் அதே கல், மாட்டுத் தொட்டியும் அதே கல். “நம்ம வீட்டுப் பரணுக்கு இவ்ளோ தூரத்துலேர்ந்தா வந்துச்சு?” என்றார் அம்மா. ஆமாம். கிங் காலத்திலிருந்தே புவியியலாளர்கள் இதை நார்ஜி சுண்ணாம்புக்கல் என்கிறார்கள். நார்ஜி கடப்பா மாவட்டத்துக் கிராமம். அமைதியான கடலடியில் சுண்ணாம்புச் சேறு மெல்லிய படலங்களாகப் படிந்ததால், படலத்துக்குப் படலம் பலகையாகப் பிளக்கிறது. ரம்பம் அதிகம் தேவையில்லாமல் உளியும் கடப்பாரையும் கொண்டே பெயர்க்கலாம். மலிவாக நம் வீடுகளை நிறைத்ததன் ரகசியம் அதுதான்.

புளி பட்டால் வெளுப்பதும் சுண்ணாம்பின் குணம். அமிலம் அதைக் கரைக்கும். சமையல் மேடையில் ஒரு கறையோடு நிற்பது, காலம் கிடைத்தால் குகையாகும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மிக மெல்லிய அமிலமாகிறது. அது பிளவு வழியாக இறங்கிக் கல்லைக் கரைத்துக்கொண்டே போகும். அப்படி உண்டானதுதான் இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் பேலம் குகை. 3,229 மீட்டர் நீளம். அதில் ஒன்றரை கிலோமீட்டர்வரை பொதுமக்கள் நடக்கலாம். அதைப் பற்றி 1884-இல் எழுதியவர் அதே புரூஸ் ஃபுட். 1982–83-இல் டேனியல் கெபாவர் தலைமையில் ஜெர்மன் குழு அளந்தது. 2002-இல் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். மிக ஆழமான இடம் பாதாள கங்கை, வாசலிலிருந்து 46 மீட்டர் கீழே. உள்ளே புழுக்கம் கடுமையாக இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை வற்புறுத்தி இறக்க வேண்டாம்.

ஜம்மலமடுகிலிருந்து 15 கிலோமீட்டரில் கண்டிகோட்டா. இங்கே பாறை மறுபடி குவார்ட்சைட். பென்னாறு எர்ரமலைகளை ஊடறுக்கும் இடத்தில், ஆற்றிலிருந்து சுமார் 300 அடி உயரத்துக்குச் சுவர் நிற்கிறது. கோட்டைக்குள் மாதவராயர், ரங்கநாதர் கோயில்கள், ஜாமியா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம். பெம்மசானி நாயக்கர்களின் கோட்டை. பிறகு கோல்கொண்டாவின் மீர் ஜும்லா கைக்கு வந்தது. அவரைப் பார்க்க 1652-இல் பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே இங்கே வந்தார். ஒரு பக்கம் ஆறே அகழி தோண்டிக் கொடுத்துவிட்ட இடத்தில் கோட்டை கட்டாமல் இருந்தால்தான் அதிசயம்.

எல்லோரும் விளிம்புக்குத்தான் ஓடுகிறார்கள். முதலில் காலடியைப் பார்ப்பது நல்லது. தட்டையான பலகைப் பாறைகளின் மேல் சின்னச் சின்ன அலைவரிகள் இருக்கும். மெரினாவில் நீர் வடிந்ததும் ஈர மணலில் தெரிகிற அதே வரிகள். அலையோ ஓட்டமோ மணலை நெளித்துவிட்டுப் போன தடம், அடுத்த படலம் வந்து மூடிவிட்டதால் கல்லாகி நிற்கிறது. அந்தக் கடலோரத்தில் நண்டு இல்லை, சிப்பி இல்லை, கரையில் புல்கூட இல்லை. விலங்குகள் உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தைய கரை அது. கிராண்ட் கேனியனின் மேல்விளிம்புப் பாறையின் வயது 27 கோடி ஆண்டுதான். அதில் சிப்பிகள் கிடைக்கின்றன. ஆழத்தில் கிராண்ட் கேனியன் 1.6 கிலோமீட்டர், நீளத்தில் 446 கிலோமீட்டர். அந்த அளவுகளுக்குக் கண்டிகோட்டா பக்கத்தில்கூட வராது. ஆனால் நிற்கும் விளிம்பின் வயதைக் கேட்டால் அமெரிக்கா தோற்றுவிடும். ‘இந்தியாவின் கிராண்ட் கேனியன்’ என்கிற இரவல் பெயர் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். பெரியதன் சிறிய நகல் என்று நினைக்க வைக்கிறது.

இப்போது எதிர்ச்சுவரைப் பார்க்கலாம். கிடையாக அடுக்குகள், செங்குத்தாகப் பிளவுகள். இரண்டும் வெட்டிக்கொள்வதால் சுவர் முழுக்கச் சதுரச் சதுரமான கட்டிகள். தடித்த குவார்ட்சைட் அடுக்குகளுக்கு இடையே மெல்லிய களிப்பாறை அடுக்குகளும் உண்டு. களிப்பாறை எளிதில் உதிரும். அது உதிர்ந்து உள்ளே குடைந்ததும், மேலே இருக்கும் குவார்ட்சைட்டுக்குத் தாங்கல் போய்விடும். ஒருநாள் அது செங்குத்துப் பிளவு வழியே ஒரே துண்டாகப் பெயர்ந்து விழும். விழுந்த இடத்தில் மறுபடி செங்குத்துச் சுவர். எவ்வளவு பின்வாங்கினாலும் சுவர் சாயாமல் நிமிர்ந்தே இருப்பது இதனால்தான். விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்களே அதிகம். பிளவு ஓடிய கட்டியின் மேல் உட்கார்ந்து கால் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், அடுத்து விழ இருக்கும் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுக்கில் ஒரு விரிசல் தெரிந்தால் அதற்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

சிவப்பு நிறம் மேற்பூச்சு. பாறையில் துளியளவு இருக்கும் இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்த நிறம். புதிதாக உடைந்த முகம் வெளிறித்தான் இருக்கும். சுவரில் எந்தக் கட்டி சமீபத்தில் விழுந்தது என்பதை அந்த வெளிறிய சதுரங்கள் காட்டிக்கொடுக்கும்.

கீறமுடியாத கல்லை ஆறு எப்படி அறுத்தது? வெறும் தண்ணீரால் முடியாது. தண்ணீர் தூக்கி வரும் கல்லால் முடியும். இங்கே ஒரு கணக்கு உண்டு: நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். பத்துக் கிலோ கல்லை அசைத்த ஆறு, இரட்டை வேகத்தில் 640 கிலோ பாறையை நகர்த்தும். அதனால் ஆண்டு முழுக்க நிதானமாக ஓடும் ஆற்றைவிட, எப்போதோ ஒருமுறை வெறிகொண்டு வரும் ஆறு பள்ளத்தாக்கு வெட்டுவதில் வல்லது. சுவரிலிருந்து விழுந்த கட்டிகளை வெள்ளம் எடுத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டே அடியை இடித்து, பிளவுள்ள இடத்தில் நெம்பிப் பெயர்த்து, கீழே கொண்டுபோய் உருட்டிக் கூழாங்கல்லாக்குகிறது. வறண்ட மலைச்சரிவில் மழையை உறிஞ்ச மண் இல்லாததால் பெய்தது பெய்தபடி ஓடிவருவதும் இந்த வெறிக்கு ஒரு காரணம். வறட்சிச் சீமையில் ஆறு பலசாலியாக இருப்பதன் சூட்சுமம் இது.

மிஞ்சுவது ஒரு கேள்வி. தண்ணீர் தாழ்வைத் தேடும் என்பது குழந்தைக்கும் தெரியும். எர்ரமலைகளைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக மலைக்குள் ஏன் பாய வேண்டும்? பென்னாறு மட்டுமல்ல, அதன் துணையாறுகளான சித்ராவதியும் பாபாக்னியும் இப்படித்தான் மலைகளைப் பிளந்துகொண்டு வருகின்றன. பென்னாறே சோமசிலாவில் இன்னொரு முறை வெலிகொண்டாவை ஊடறுக்கிறது. விடை, மலை முதலில், ஆறு பிறகு என்று நாம் நினைப்பது தலைகீழ் என்பதுதான். ஆறு தன் தடத்தைப் பிடித்தபோது இன்றைய மலைகள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. குவார்ட்சைட்டுக்கு இருபுறமும் மேலேயும் களிப்பாறையும் சுண்ணாம்பும் நிறைந்து, நிலம் ஏறக்குறைய ஒரே மட்டமாகக் கிழக்கே சாய்ந்திருந்தது. அந்த மட்டத்தின் மேல் ஆறு ஓடியது. நிலம் மெல்ல உயர உயர, ஆறு அதே தடத்தில் கீழே இறங்கியது. அக்கம்பக்கத்து மென்பாறைகள் கரைந்தும் உதிர்ந்தும் தாழ்ந்தன. குவார்ட்சைட் மட்டும் தேயாமல் நின்று மலை என்று பெயர் வாங்கியது. அதற்குள் ஆறு தான் வெட்டிய பள்ளத்தில் சிக்கிக்கொண்டது; விலகிப் போக இடமில்லை. ஆறு மலையைத் தேடிப் போகவில்லை. மலைதான் ஆற்றைச் சுற்றி வெளிப்பட்டது.

இன்று அந்த வேலை கிட்டத்தட்ட நின்றிருக்கிறது. கண்டிகோட்டாவில் 26.85 டி.எம்.சி. கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் கட்டியாயிற்று. கீழே மைலவரம் அணை இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்குக் காலேறு–நகரி கால்வாய் வழியாகக் கிருஷ்ணா தண்ணீரே வருகிறது. மகாபலேஸ்வரத்தில் பிறந்த ஆற்றின் நீர், நந்தி மலையில் பிறந்த ஆற்றின் வீட்டில் குடியிருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியில் பச்சையாகத் தேங்கி நின்று படங்களில் அழகாக விழுவது அணைகள் வைத்த தண்ணீர். வெள்ளம் வந்தாலும் அது உருட்டி வரும் கல்லும் மணலும் அணையில் தங்கிவிடும். ஆயுதம் இல்லாத ஆறு பாறையை வெட்டாது. தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் மழைக்காலம் முடிந்த கையோடு, நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையே போகலாம். வெயில் காலத்தில் பகல் முழுக்க அந்தப் பாறைமேல் இருப்பதைப் பெரியவர்கள் தாங்கமாட்டார்கள்.

பென்னாற்றுக் குடும்பத்தின் பழைய பலம் தெரிய வேண்டுமென்றால் திரும்பும் வழியில் ராஜம்பேட்டைப் பக்கம் விசாரிக்கலாம். சாலை அங்கே செய்யேற்றைக் கடக்கிறது. அதுவும் பென்னாற்றில் சேரும் ஆறு. 2021 நவம்பர் 19 அதிகாலையில், மேலே பிஞ்சா அணையிலிருந்து வந்த வெள்ளத்தில் அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்தது. கரையோர ஊர்களில் பலர் உயிரிழந்தார்கள். நந்தலூர் அருகே ரயில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண் அடித்துச் செல்லப்பட்டு, சென்னை–மும்பை பாதையில் ரயில்கள் நின்றன. வயல்கள் மேல் ஆறு மணலைக் கொட்டிவிட்டுப் போனது. ஆண்டில் பல மாதம் நடந்தே கடக்கக்கூடிய ஆறு அது.